வீட்டில் தங்கிய வெளிநாட்டு மாணவரை வழியனுப்புவது எப்படி?

பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியிலிருந்து வந்து உங்கள் வீட்டில் தங்கிய பிள்ளை ஊருக்குக் கிளம்பப் போகிறதா? முதல் தடவை என்றால், ஏர்போர்ட்டில் போய் நன்றாக விடைகொடுக்கலாம் என்றுதான் தோன்றும். பெங்களூரில் அது சரிப்படாது. டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் உள்ளவர்களைத்தான் முனையத்துக்குள் விடுவார்கள். வாசலில் தள்ளுவண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும்போது மனசில் உள்ளதைச் சொல்ல முடியாது. பல பள்ளிகள் தங்கள் வாசலிலிருந்தே எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிவிடும். அதனால் பேச வேண்டியதை முந்தின நாள் வீட்டிலேயே பேசிவிடுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

1. முதலில் பெட்டி

இரண்டு நாள் முன்பே பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள். எவ்வளவு எடை கொண்டுபோகலாம் என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். பெரும்பாலும் 23 கிலோ. வீட்டு எடை மெஷினில் பிள்ளை பெட்டியோடு ஒரு முறை, பெட்டி இல்லாமல் ஒரு முறை ஏறி நின்றால் கணக்கு வந்துவிடும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

2. தின்பண்டமும் பரிசும்

நம் வீடுகளில் பாசம் பொட்டலமாகத்தான் வெளியே வரும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக அனுமதியில்லை. பால்கோவாவை இங்கேயே வயிறாரச் சாப்பிட வையுங்கள். மாம்பழம், கறிவேப்பிலை, வெற்றிலை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள்.

இட்லிப் பொடி தாராளமாகப் போகும். நன்றாக ஆறிய பிறகு இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு, மேலே ஆங்கிலத்தில் பெயரும், என்னென்ன பருப்பு, எள் சேர்ந்திருக்கிறது என்பதும் எழுதுங்கள். அந்த வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கலாம். கைப்பையில் வைத்தால் சோதனையில் நிறுத்துவார்கள், பெரிய பெட்டியில் வையுங்கள்.

பரிசு என்றால் என் ஓட்டு சென்னபட்டணா மர பொம்மைக்குத்தான். பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் 60 கிலோமீட்டர் போனால் செய்கிற இடத்திலேயே வாங்கலாம். நம் ஊரில் வெட்பாலை என்கிறோமே, அந்த மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுவதுதான் பழைய வழக்கம். எடையும் குறைவு.

3. பெற்றோருக்கு ஒரு கடிதம்

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிள்ளையை நம்பி அனுப்பிய அம்மா அப்பாவுக்கு அரைப் பக்கம் எழுதுங்கள். ‘நல்ல பெண்’ என்று பொதுவாக எழுதாமல், நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: “தினமும் காலையில் பாட்டி பூக்கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நாரில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். முதல் சரத்தை எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் போட்டாள்.” அதைப் படிக்கும் தாய்க்குத் தன் மகள் இங்கே எப்படி இருந்தாள் என்பது கண்முன் வந்துவிடும். கூடவே நாலைந்து போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு, பின்னால் இடமும் தேதியும் எழுதி வையுங்கள்.

4. முந்தின நாள் சாயங்காலம்

சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட வேண்டாம். பிள்ளை பழகிய நாலு பேர் போதும். ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். எழுந்து நின்று பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குக் கை குலுக்குவதே போதும். பாட்டி விபூதி பூசி ஆசீர்வாதம் செய்ய நினைத்தால், அது எதற்கு என்று முதலில் சொல்லி, சம்மதம் வாங்கிச் செய்யலாம். யாராவது அழுதால் அழட்டும், பேச்சை மாற்ற வேண்டாம்.

5. கிளம்பும் நாள்

ஐரோப்பா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்பும். அதனால் தேதியை இரண்டு தடவை பாருங்கள்: விடியற்காலை 3 மணி விமானம் என்றால் முந்தின ராத்திரியே கிளம்ப வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும், வழியில் ஹெப்பால் நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பாஸ்போர்ட், போன், சார்ஜர் மூன்றையும் கதவைத் தாண்டுவதற்கு முன் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

6. அப்புறம்

வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளை சோர்ந்து உட்காரும். மறுநாளே டியூஷனுக்குத் துரத்தாதீர்கள். ஜெர்மனியில் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால் என்பதை நினைவில் வைத்து, ஞாயிறு மதியத்துக்கு முதல் வீடியோ காலை முடிவு செய்யுங்கள். அடுத்து உங்கள் பிள்ளை அங்கே போகும் முறை என்றால், அந்த வீடியோ காலிலேயே அழைப்புக் கடிதத்தைக் கேட்டு வையுங்கள். ஜெர்மனி போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் சம்மதக் கையெழுத்தும் வேண்டும்.