செட்டிநாட்டு வறட்சி வரைபடம்: நான் சரிசெய்த விதம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மானாவாரி நெல்லுக்காக உலக வறட்சிக் குறியீட்டு ராஸ்டரை (கட்டத்துக்கு ஓர் எண் கொண்ட வரைபடக் கோப்பு) கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். வட்டாரம் முழுக்க ஈரப்பதமான பகுதி என்று வந்தது! கண்மாய் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர் யார் இதை நம்புவார்?

காரணம் எளிது. மழையளவை ஆவியாதல் தேவையால் (வெயிலும் காற்றும் நிலத்திலிருந்தும் பயிரிலிருந்தும் இழுக்கக்கூடிய நீரின் அளவு) வகுத்தால் வருவது இந்தக் குறியீடு, 0.2 முதல் 0.5 வரை அரை வறட்சி, 0.65க்கு மேல் ஈரப்பகுதி. ஆனால் கோப்பில் எண்கள் 10,000 மடங்காக, முழு எண்ணாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ராஸ்டர் கால்குலேட்டரில் 0.0001ஆல் பெருக்கியதும் வகைகள் ஒழுங்காகப் பிரிந்தன.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஆண்டுச் சராசரி நம் ஊருக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுக்கும் பயிருக்குச் சித்திரை வெயிலின் கணக்கு எதற்கு? டெர்ராகிளைமேட் என்ற உலகக் காலநிலைத் தொகுப்பின் மாதத் தரவை (1958 முதல் உண்டு, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கட்டம்) எடுத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் மழையையும் ஆவியாதல் தேவையையும் தனித்தனியே கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுத்தேன். இதே தரவைக் கூகுளின் எர்த் எஞ்சின் இணையத் தளத்தில் எடுப்பவர்கள் ஆவியாதல் அடுக்கை மட்டும் 0.1ஆல் பெருக்க வேண்டும், மழைக்குத் தேவையில்லை.

கண்மாய்ப் பாசன வயல்களைத் தனியாக வெட்டி எடுத்துவிட்டேன். அங்கே தேங்கிய நீர் இந்தக் கணக்கில் வராது.