குழாய்க் கிடங்கில் தொல்லியல் கண்காணிப்பு: வன்னி ஆற்றோர வேலைகளுக்கு

கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, அருவியாறு எதுவானாலும், வெள்ளம் ஏறாத கரைமேட்டில்தான் பழங்காலத்தில் சனம் குடியிருந்தது. தண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் அந்த மேட்டு வழியாகவே போகும். அதனால் குழாய் பதிக்க வெட்டும் கிடங்கு ஒரு மீற்றர் ஆழம்தானே என்று, கண்காணிக்கப் போகும் நீங்கள் அசட்டையாக இருக்க முடியாது.

வேலை தொடங்குமுன் பாதை முழுவதையும் நடந்து பாருங்கள். உழுத வயலில் பழைய மட்பாண்ட ஓட்டுத்துண்டு கிடக்கும் இடங்களையும், கைவிட்ட குளக்கட்டு, பழைய கோயில்மேடு என்று ஊர்ப் பெரியவர்கள் காட்டும் இடங்களையும் வரைபடத்தில் குறியுங்கள். கண்ணிவெடி அகற்றிய சான்றில் எத்தனை சென்ரிமீற்றர் ஆழம் வரை என்று வாசியுங்கள். கிடங்கு அதைவிட ஆழமானால் வெடிபொருள் அகற்றும் பிரிவினரிடம் கேட்காமல் பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரத்தை) இறக்கக்கூடாது.

பெக்கோவுக்குப் பல்லில்லாத பக்கெற் பூட்டச் சொல்லுங்கள். பல் மண்ணைக் கிழித்துவிடும், நிறவேறுபாடு தெரியாது. குறித்த இடங்களில் ஒரு தடவைக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேல் எடுக்க விடாதீர்கள். மேல்மண் ஒரு பக்கம், அடிமண் மறுபக்கம். சாரதிக்குத் தெரியும்படி, பெக்கோவின் கை சுழலும் எல்லைக்கு வெளியே நில்லுங்கள். நிறுத்தச் சொல்லும் கைச்சைகையைக் காலையிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். பக்கம் இடியும் மணற்பாங்கில் முட்டுக் கொடுக்காமல் கிடங்குக்குள் இறங்கக்கூடாது.

வன்னிச் செம்மண் காய்ந்தால் எல்லாம் ஒரே நிறம். மருந்தடிக்கும் தாங்கியில் வெறும் தண்ணீர் நிரப்பி, மேசன் கரண்டியால் சுரண்டிய பக்கச்சுவரில் தெளியுங்கள். பழைய குழியின் வாய் கருஞ்சாம்பலாகத் தெளிந்து வரும். சரளைக் கல்லை ஓட்டுத்துண்டென்று மயங்குவது வழமை. உடைத்துப் பார்த்தால் ஓட்டுக்கு அடுக்கு இருக்கும்: பாண்டத்தின் உட்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு என்றால் கருஞ்செம்மட்பாண்டம் என்னும் பழங்கால மட்பாண்டமாக இருக்கலாம், உடனே நிறுத்துங்கள். இரும்புக் கசடு பாரமாகவும் குமிழ்த் துளைகளோடும் இருக்கும். புற்றுமண்ணின் கட்டிகள் சுட்ட மண்போலத் தோன்றும், ஆனால் தண்ணீரில் கரைந்துவிடும்.

ஆற்றோரத்தில் மேலே கிடப்பது வெள்ளம் கொண்டுவந்த வண்டல். அதில் ஒன்றும் இல்லை என்பதற்காகக் கண்காணிப்பை விடாதீர்கள். பழைய தரை அதன் அடியில் மூடுண்டு கிடக்கலாம்.

ஏதாவது தெரிந்தால் இரு பக்கமும் 10 மீற்றர் நாடா கட்டுங்கள். பெக்கோவை அடுத்த பகுதிக்கு அனுப்புங்கள். ஆட்கள் சும்மா நின்றால் ஒப்பந்தகாரர் அவசரப்படுத்துவார். அளவுகோல் வைத்துப் படம், ஜிபிஎஸ் புள்ளி, குழாய்ப் பாதையின் தூரக்குறி, 1:20 அளவில் பக்கச்சுவர் வரைபடம் நான்கும் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பொருளை வீட்டுக்கோ கோயிலுக்கோ எடுத்துப்போக விடாதீர்கள்.

மனித எலும்பானால் முறை வேறு. 2013 டிசம்பரில் மன்னார் திருக்கேதீஸ்வரத்திலும், 2023 யூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயிலும் குழாய்க்காக வெட்டியபோதுதான் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. எலும்பை இழுக்காதீர்கள், கழுவாதீர்கள். கடைசியாக அள்ளிய மண்குவியலையும் அசைக்க வேண்டாம், அதை அரிக்க வேண்டிவரும். பொத்தான், துணி, பிளாஸ்ரிக் கிடந்தால் அண்மைக்காலம் என்று ஊகிக்கலாம். அவை இல்லை என்பதால் பழையது என்று ஆகாது. காலம் சொல்வது உங்கள் வேலையல்ல. பொலிஸுக்கு அறிவித்து, நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் வரும்வரை காவல் நில்லுங்கள். படத்தை முகநூலில் போடாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அதைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அந்த வழியாகச் செய்தி போகக்கூடாது.

மழை வந்தால் தறப்பாளைக் கம்பு நட்டு உயர்த்திக் கட்டுங்கள், எச்சத்தின்மேல் விரிக்காதீர்கள். மேட்டுப் பக்கம் சிறு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புங்கள். ஐப்பசி பிறந்தால் ஆற்றோரக் கிடங்கில் ஊற்றுத் தண்ணீர் ஏறும். ஆபத்தான பகுதிகளை வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வெட்டும்படி வேலைத்திட்டம் எழுதும்போதே கேட்டு வாங்குங்கள்.