ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் அழித்தால் போதாது

போன வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு மறுவீட்டுச் சாப்பாடு. அப்பா இலைக்குத் தேங்காய்ப்பால் சொதி வாளி வந்ததும், எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த தூரத்துச் சொந்தக்கார மாமா ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "ஏலே, அவுகளுக்கு ஊத்தாத, கிரியாட்டினின் ஏறிக் கெடக்கு." ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பந்தியே திரும்பிப் பார்த்தது. அப்பா தலை நிமிராமல் மோர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் அது.

வெளியே விட்டது நான்தான். சிறுநீரக நோயாளிகள் குரூப் ஒன்றில், என் பெயர் காட்டாமல், ரிப்போர்ட் போட்டோவில் அப்பா பெயரையும் அடித்துவிட்டுச் சந்தேகம் கேட்டிருந்தேன். மாமா மகனும் அதே குரூப்பில் இருக்கிறான். வண்ணார்பேட்டை லேப், அனுப்பிய டாக்டர் பெயர், வயது 67, ரத்தம் எடுத்த தேதி எல்லாம் அப்படியே இருந்தன. அன்றைக்குக் காலையில் அப்பாவை அந்த லேப் வாசலில் அவன் பார்த்திருக்கிறான்.

நம்மூரில் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயரா வேண்டும்? "அம்பையில் டீச்சர், ரெண்டு பொம்பளப் பிள்ளைக, வீட்டுக்காரர் துபாயில்" என்றால் தெருவையே சொல்லிவிடுவார்கள். ஹேக்கரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தெரிந்தவர் கண்ணில் படாமல் கேட்கப் பழக வேண்டும்.

அதற்கு போட்டோவே போடாமல் டைப் பண்ணிக் கேட்பதுதான் நல்லது. "65 தாண்டிய ஆண், ரொம்ப வருஷமாகச் சர்க்கரை, கிரியாட்டினின் 1.9, தேங்காய்ப்பால் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் எப்படிக் கேட்பது?" இவ்வளவு போதும். பதில் சொல்பவருக்கு அளவும், பக்கத்தில் லேப் போட்டிருக்கும் நார்மல் அளவும் இருந்தால் சரி. ஊர், டாக்டர், தேதி, வேலை, பிள்ளைகள் எண்ணிக்கை எதுவும் அவருக்குத் தேவையில்லை.

போட்டோதான் போட வேண்டுமென்றால், வேண்டிய அந்த நாலு வரியை மட்டும் வெட்டி எடுத்து, அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள். மேலே கிறுக்கி மறைப்பதை நான் நம்புவதில்லை. போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகத் தீட்டினால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் அடியில் இருப்பது தெரிந்துவிடும். பிடிஎப்பில் கறுப்புக் கட்டம் வைத்தாலும் பல நேரம் எழுத்து அடியில் அப்படியே கிடக்கும், காப்பி பண்ணி எடுத்துவிடலாம். பெயரை அழிக்கிற அவசரத்தில் மூலையில் இருக்கும் கியூஆர் கோடை விட்டுவிடாதீர்கள். சில லேப்களில் அதை ஸ்கேன் பண்ணினால் முழு ரிப்போர்ட்டும் திறக்கும். பில் நம்பர், ஆஸ்பத்திரிப் பதிவு எண், அரசு தரும் 14 இலக்க ஆபா (சுகாதார அடையாள) எண் எல்லாம் அந்த வகைதான். போனில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் பெரும்பாலும் உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும், அதை எழுதும்போதே நினைவில் வையுங்கள். புரொபைல் போட்டோவைக் காண்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். போட்டதை எல்லோருக்கும் அழிக்கும் வசதி சுமார் இரண்டு நாள் வரைதான் வேலை செய்யும், அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதுவும் வீண். பேஸ்புக் குரூப்பில் பெயர் காட்டாமல் போட்டாலும் அட்மினுக்கு நீங்கள் யாரென்று தெரியும். அட்மின் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நீங்களே பொதுவில் போட்ட தகவலுக்குப் பொருந்தாது. அதனால் போடுவதற்கு முன்னால் யோசிப்பதுதான் ஒரே வழி.

இன்னொன்று, நோய் உங்களுடையதாக இல்லாவிட்டால் உரியவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மைனிக்குக் குழந்தை தள்ளிப்போவதையும் மகளுக்குப் பீரியட்ஸ் தவறுவதையும் அக்கறையில்தான் சொந்தக்காரர் குரூப்பில் கேட்கிறோம், ஆனால் வரன் பார்க்கும்போது அது எங்கே போய் முட்டும் என்று யாருக்குத் தெரியும்? அப்பாவிடம் கேட்டிருந்தால் "வேண்டாம்லே" என்றிருப்பார். மனசு சம்பந்தப்பட்டது என்றால் குரூப்புக்கு முன்னால் 14416, எச்ஐவி என்றால் 1097. இரண்டும் அரசு ஹெல்ப்லைன், கூப்பிடக் காசு ஆகாது.

கேள்வி போட்ட அன்றைக்கே இன்பாக்ஸில் "நானும் நெல்லைதான், எங்க அத்தைக்கு இந்தப் பொடியில சரியாயிட்டு" என்று ஒருவர் வருவார். மருந்துச்சீட்டு, ஆதார், ஓடிபி எதுவும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

ரத்தம் கேட்கும்போது மட்டும் எல்லாவற்றையும் மறைக்க முடியாது. ஆனாலும் ரத்த வகை, ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியா வேறு ஆஸ்பத்திரியா, கூட இருப்பவர் நம்பர், எந்தத் தேதி எத்தனை மணி வரை, இவ்வளவு போதும். நோயும் நோயாளி படமும் வேண்டாம். கிடைத்ததும் "கிடைத்துவிட்டது" என்று அதே இடத்தில் போட்டுவிட்டு முதல் பதிவை அழியுங்கள். என் கூட்டாளி ஒருத்தன் அவன் அத்தைக்காகத் தேதி போடாமல் கேட்டான். அத்தை இறந்து ஒரு வருஷம் கழித்தும் அவனுக்குப் போன் வந்துகொண்டிருந்தது: "அண்ணாச்சி, ரத்தம் கெடச்சிட்டா?"