லைன் வீட்டுப் பையனும் தோட்டத்து வீட்டுப் பையனும் ஒரே டீமில் இருக்க

பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் எந்த ஊர் கிரவுண்டுக்குப் போனாலும் இரண்டு வகைப் பையன்கள் சேர்ந்துதான் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். ஒருவன் வீட்டுக்குச் சொந்தமாகத் தறிக்கூடமோ பனியன் கம்பெனியோ போர்வெல் போடும் ரிக் வண்டியோ இருக்கும், அவன் தோட்டத்து வீட்டுப் பையன். இன்னொருவன் வீட்டில் அதில் கூலிக்கு வேலை பார்க்கிறவர் இருப்பார், வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வாடகை வீட்டில், அதாவது லைன் வீட்டில், இருக்கிறவன் அவன். கோட்டுக்குள் இருவருக்கும் விதி ஒன்று. வெளியே வந்தால் ஒரே தப்புக்கு இரண்டு விலை. சண்டையில் கிழிவது ஒருவனுக்குப் பத்துச் சட்டையில் ஒன்று, மற்றவனுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற சட்டை. ஸ்டேஷனில் கூப்பிட்டால் ஒருவனுடைய அப்பா வக்கீலோடு வருவார். மற்றவனுடைய அப்பா ஒரு ஷிஃப்ட் கூலியை விட்டுவிட்டு வந்து சுவரோரம் நிற்பார்.

இந்த நட்புகள் வெறுப்பால் முறிவது குறைவு. காசு, பேட், வண்டி, பழி என்று ஏதோ ஒன்றில் கணக்கு குழம்பித்தான் முறிகின்றன. 14 முதல் 18 வயதுக்குள் இருக்கிறவர்களுக்கும், டீமை நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் இது.

வசூல்

டீம் காசை மாதம் 1-ஆம் தேதி வசூலிக்காதீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டால் லைன் வீட்டுப் பையனிடமும் இருக்கும். புதன்கிழமை கேட்டால் இல்லை என்பான், அப்புறம் கிரவுண்டுக்கே வரமாட்டான். தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம் காசு புழங்கும். ஆனால் தீபாவளி லீவுக்குக் கம்பெனி மூடி மறுபடி ஓடத் தொடங்கும் முதல் இரண்டு வாரம் வீட்டில் வறட்சிதான், அந்த இரண்டு வாரமும் வசூலே வேண்டாம்.

எவ்வளவு? டீமிலேயே கைக்காசு குறைவானவன் ஒரு வாரத்தில் யாரிடமும் கேட்காமல் எவ்வளவு கொடுக்க முடியுமோ, அதுதான் எல்லோருக்கும். அது 20 ரூபாய் என்றால் 20. பதினொரு பேர், பத்து வாரம், 2,200 ரூபாய் சேரும். நுழைவுக் கட்டணம், பந்து, தண்ணீர் கேன், வண்டிச் செலவு எல்லாம் இதற்குள் அடங்கும்படி போட்டியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பரிசு என்று தலைக்கு 500 கேட்கிற போட்டிக்குப் போனால் மூன்று பேர் 'அன்னைக்கு ஒறம்பரை வீட்டுக்குப் போறேன்' என்று கழன்றுகொள்வார்கள். உண்மையில் அப்படி எந்த உறவுக்காரர் வீடும் இருக்காது.

கணக்கு நோட்டு ஒருவன் கையில் மட்டும் இருக்கட்டும். பாக்கிப் பட்டியலை வாட்ஸப் குரூப்பில் போடாதீர்கள். வேலை இல்லாமல் போய் ஒருவன் மூன்று வாரம் விட்டால், விட்டது விட்டதாகவே எழுதிவிட்டு மேலே போங்கள். இங்கே நல்ல மனதோடு எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. 'காசு வேண்டாம்டா, நீ பிட்ச்சைச் செதுக்கிரு, தண்ணி எடுத்துட்டு வந்துரு' என்பார்கள். ஒரு மாதத்தில் டீமுக்குள்ளேயே ஒரு கூலியாள் உருவாகியிருப்பான். பிட்ச் வேலைக்கு இரண்டிரண்டு பேராக முறை வையுங்கள், கம்பெனிக்காரர் பையன் பெயரும் அதில் வரட்டும்.

வாங்கித் தருவதிலும் இதே சிக்கல்தான். பேக்கரியில் முதல் தடவை பப்ஸ் வாங்கித் தந்தால் அது பிரியம். மூன்றாவது தடவையும் அவனே தந்தால் மற்றவன் பேச்சு குறையும். முறையைச் சமமாக வையுங்கள், தொகையைப் பார்க்காதீர்கள். இன்றைக்கு இவன் எல்லோருக்கும் ரோட்டுக்கடைக் காளான் வாங்கினால் நாளைக்கு அவன் எல்லோருக்கும் டீ வாங்கட்டும். கைமாற்று கொடுப்பதென்றால் ரொக்கமாக, ஒரு வாரத்தில் திருப்ப முடிகிற அளவுக்கு மட்டும். அப்பா போனிலிருந்து ஜிபே பண்ணவே கூடாது. மாதக் கடைசியில் அப்பா கணக்கைப் பார்ப்பார், யார் இந்தப் பேர் என்பார், 'அவன் கேட்டான்' என்று பையன் சொல்லுவான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் லைன் வீட்டுப் பையன் பெயர்தான் முதலில் வரும்.

பேட் யாருது

பேட் வைத்திருக்கிறவன்தான் ஓப்பனிங் இறங்குவான், அவுட் கொடுத்தால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். பொதுக்காசில் ஒரு பேட் இருந்தால் இந்தக் கதை அன்றோடு முடிந்தது. வசதியான வீட்டுப் பையன் நல்ல பேட்டாக வாங்கித் தர விரும்பினால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நோட்டில் 'டீம் பேட்' என்று எழுதி, அவன் வீட்டில் வைக்காமல் சலூனிலோ டீக்கடையிலோ வைத்துவிடுங்கள். கேப்டனை ஓட்டுச் சீட்டில் பெயர் எழுதித் தேர்ந்தெடுங்கள். கையைத் தூக்கச் சொன்னால், அப்பா யாரிடம் வேலை பார்க்கிறார் என்று பார்த்துத்தான் பாதிக் கை எழும்.

வீட்டுக்குள் போகும்போது

கொங்குப் பேச்சில் சின்னப் பையனுக்கும் 'ங்க' உண்டு. ஆனால் அது எந்த வீட்டில் யாருக்குக் கிடைக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். லைன் வீட்டு அம்மா முதலாளி மகனைப் பார்த்து, 'வாங்க தம்பி, உக்காருங்க, காப்பி குடிக்கறீங்களா' என்பார். தோட்டத்து வீட்டு அப்புச்சி (தாத்தா) அந்த அம்மாவின் மகனைப் பார்த்து, 'ஏன்டா, என்ன இந்தப் பக்கம்' என்பார். இரண்டையும் பையன்களால் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் நண்பனை எங்கே உட்கார வைக்கிறார்களோ அங்கேயே நீங்களும் உட்காருங்கள். அவனுக்குத் திண்ணை என்றால் உங்களுக்கும் திண்ணை. அவனுக்குத் தனி டம்ளரில் காப்பி வந்தால், அதே அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து நீங்களும் அதில் குடியுங்கள். வாய் திறக்க வேண்டாம். இரண்டாவது தடவை அம்மா கவனிப்பார், நாலாவது தடவை டம்ளர் மாறும். மாறவில்லை என்றால் சந்திப்பைக் கிரவுண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நண்பனை அந்தத் திண்ணைக்கு மறுபடி கூட்டிப்போகாதீர்கள்.

தனி டம்ளர் பணத்தால் வருவதில்லை. நம் பக்கம் 'வசதி இல்லாதவன்' என்று சொல்லும் பல இடங்களில் உள்ளே பேசுவது சாதி. கையில் கட்டும் கலர் கயிறும் அப்படித்தான். பள்ளிகளில் சாதி மோதலைப் பற்றி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு 2024-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, இப்படிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. டீமுக்கு அடையாளம் வேண்டுமென்றால் டீஷர்ட் போதும், திருப்பூர் பக்கம் அதற்கா பஞ்சம்.

வண்டி

கியர் வண்டிக்கு 18 வயது. 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும், அப்படி வண்டி இப்போது ரோட்டிலேயே அரிது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவின்படி, வயது வராத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இந்தக் கடைசி வரியில்தான் விசுவாசம் என்ற பெயரில் பெரிய மோசடி நடக்கிறது. வசதியான வீட்டுப் பையன் ஓட்டி யார் மீதாவது மோதிவிடுவான். அரை மணி நேரத்தில் யாராவது ஒரு பெரியவர் மற்றவனைத் தனியே கூப்பிட்டு, 'நீ ஓட்டுனதாச் சொல்லிரு சாமி, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்பார். சொல்லாதீர்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லைசென்ஸ் என்பது சோறு. லாரிக்கும் ரிக்குக்கும் போகக்கூடிய ஒரு பையனுக்கு 25 வயது வரை அது இல்லை என்றால், அந்த ஏழு வருடத்தை எந்தப் பெரியவரும் பார்த்துக்கொள்ள மாட்டார். குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றமும்கூட. பதிலை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: 'எங்க அப்பா வரட்டுங்க, அவர் முன்னால பேசறேன்.' அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

ஓட்டியவன் பக்கம் விசுவாசத்துக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது. யாரும் கேட்பதற்கு முன்னால், எல்லோர் காதிலும் விழும்படி, 'நான்தான் ஓட்டினேன்' என்று சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தால் பேச்சு பெரியவர்கள் கைக்குப் போய்விடும்.

நோம்பி ராத்திரி

வருடம் முழுக்க மேக்கால வளவு, கெழக்கால வளவு (மேற்குத் தெரு, கிழக்குத் தெரு) என்று கலாய்த்துக்கொண்டிருப்பது மாரியம்மன் நோம்பியில்தான், அதாவது கோயில் திருவிழாவில்தான், கைகலப்பாகும். கோயில் முன்னால் கம்பம் நட்டதிலிருந்து பிடுங்கும் நாள் வரை ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆட்டம், பறைச் சத்தம், கூட்டம், குடித்த பெரியவர்கள். ஆட்டத்தில் தோள் இடிப்பதுதான் பெரும்பாலும் தொடக்கம். அதற்கு முந்தைய நாள் ஸ்டேட்டஸில் யாராவது ஏதாவது போட்டிருப்பார்கள். அதனால் நோம்பி வாரத்தில் குரூப்பை 'அட்மின் மட்டும்' என்று மாற்றிவிடுங்கள், இரண்டு வளவிலிருந்தும் ஒவ்வோர் அட்மின் இருக்கட்டும்.

நண்பன் எதிர்க்கூட்டத்தில் நிற்கும்போது அடிதடி தொடங்கினால், முதல் விதி இது: உங்கள் பக்கத்து ஆளைத்தான் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்து ஆளை, விலக்குவதற்காகத் தொட்டால்கூட, இருட்டில் அது அடியாகத்தான் தெரியும். இரண்டு பேர் பக்கவாட்டிலிருந்து தோளோடு அணைத்து, அவன் முகத்தைக் கூட்டத்தைப் பார்க்காத பக்கம் திருப்பி, ஐம்பது அடி நடத்துங்கள். முன்னால் போய் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினால் அவன் உங்களையே அடிப்பான். 'அமைதியா இரு' என்று கத்துவது எண்ணெய் ஊற்றுவது. வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்ப்பான். உங்கள் நண்பனும் அந்தப் பக்கம் இதையே செய்ய வேண்டும் என்று நோம்பிக்கு முன்னாலேயே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்க் கூட்டத்தில் இருக்கிற இரண்டு நண்பர்களால் செய்ய முடிகிற உருப்படியான வேலை இது. யாராவது வீடியோ எடுத்தால் அந்த போனை முதலில் இறக்குங்கள். 18 தாண்டிய அண்ணன்களைப் போன் போட்டு வரவழைக்காதீர்கள், அதிலிருந்துதான் கட்டையும் கல்லும் வருகின்றன.

தலையில் அடி பட்டவன் வாந்தி எடுத்தாலோ, தூக்கத்தில் சொக்கினாலோ, பேச்சு குழறினாலோ 108. லைன் வீட்டுப் பையன்கள் செலவுக்குப் பயந்து அடியை மறைப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கட்ட வேண்டியதில்லை என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். போலீஸ் வந்துவிட்டால், 18 வயதுக்குக் கீழே உள்ளவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது என்பதும், பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பதும் சிறார் நீதிச் சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடித்தால் உதவிக்கு ஆள் வருவார்கள்.

சமாதானத்தை அன்று ராத்திரியே பேசாதீர்கள். குடித்தவர் வாயில் அது இரண்டாவது சண்டையாகும். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல், பக்கத்துக்கு இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். யார் முதலில் போவது? யாருக்கு இழப்பு குறைவோ அவர்கள்தான். வசதியான வீட்டுப் பையன் லைன் வீட்டு வாசலில் போய் நின்றால் அது பேச்சுவார்த்தை. லைன் வீட்டுப் பையன் தோட்டத்து வீட்டுக் கேட்டில் போய் நின்றால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது மன்னிப்பு, தப்பு யார் மீது இருந்தாலும்.

அப்பாக்கள்

நண்பனுடைய அப்பாதான் உங்கள் அப்பாவுக்கு முதலாளி என்றால் ஒரு கட்டுப்பாடு போதும்: வீட்டுப் பேச்சு கிரவுண்டுக்கு வரக் கூடாது, கிரவுண்டுப் பேச்சு வீட்டுக்குப் போகக் கூடாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகளில் அட்வான்ஸ் வாங்கி வேலை பார்க்கிறவர்கள் நிறைய. பிள்ளைகள் சண்டையைக் கேட்ட முதலாளி, 'பாக்கியைக் கட்டிட்டு வேற தறி பாரு' என்றால் அந்தக் குடும்பம் ஒரு வாரத்தில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்? முதலாளி மகன் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 'எங்கப்பாகிட்டச் சொல்லட்டா' என்பது அவன் வாயிலிருந்து விளையாட்டுக்குக்கூட வரக் கூடாத சொல்.

பத்தாவது முடிந்ததும்

ஒருவன் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கும் மற்றவன் அரசு மேல்நிலைப் பள்ளிக்கோ ஐடிஐக்கோ போவான். ஹாஸ்டலில் போன் இருக்காது. பெற்றோர் பார்க்கப் போகும் ஞாயிறுகளில் காரில் ஓர் இடம் கேட்டு ஏறிக்கொள்ளுங்கள். நீட் எழுதும் வருடத்தில், 2020-இல் வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை வைத்துக் கேலி வேண்டாம். அந்த ஒதுக்கீடு ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவனுக்கு.

ஆட்கள் பிரிவதற்கு முந்தைய ஞாயிறு, நோட்டை எடுத்து வரவையும் செலவையும் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படியுங்கள். விட்டுப்போன வாரங்களைப் படிக்க வேண்டாம். மிச்சம் 140 ரூபாய் இருந்தால் பிரித்துக் கொடுக்காதீர்கள், பந்து வாங்குங்கள். பேட்டையும் நோட்டையும் அடுத்து ஒன்பதாவது படிக்கிறவர்களிடம் கொடுத்து, பேட் எந்தக் கடையில் இருக்கும் என்று காட்டிவிடுங்கள்.