கார்போஹைட்ரேட் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமையலறைச் சீனியைத் தண்ணீரில் கரைத்து, பெனடிக்ட் கரைசலோடு (சர்க்கரைச் சோதனைக்கான நீல நிறத் தாமிரக் கரைசல்) சூடாக்கிப் பாருங்கள். நீலம் நீலமாகவே நிற்கும். உடனே மாணவர்கள் ஆய்வேட்டில் "சர்க்கரை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். கரைத்ததே சர்க்கரைதான்! எழுத வேண்டியது "ஒடுக்கும் சர்க்கரை (தாமிர அயனிக்கு எலக்ட்ரான் கொடுக்கும் சர்க்கரை) இல்லை" என்பது. சீனி என்பது சுக்ரோஸ். அதில் குளுக்கோஸின் 1-ஆம் கார்பனும் ஃபிரக்டோஸின் 2-ஆம் கார்பனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. தாமிர அயனியை ஒடுக்க வேண்டிய முனைகள் இரண்டுமே பூட்டிக் கிடப்பதால் நிறம் மாற வழியில்லை. மால்டோஸிலும் லாக்டோஸிலும் ஒரு முனை திறந்திருக்கிறது. அவை செங்கல் நிற வீழ்படிவைத் தரும்.

சுக்ரோஸைக் கண்டுபிடிக்க முதலில் அதை உடைக்க வேண்டும். மாதிரியில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கொதிநீரில் சில நிமிடம் வைத்து, ஆறவிடுங்கள். அடுத்த படியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: சோடியம் பைகார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரை அடங்கும் வரை அமிலத்தை நடுநிலையாக்க வேண்டும். பெனடிக்ட் கரைசல் காரச் சூழலில்தான் வேலை செய்யும். மிச்சமிருக்கும் அமிலம் அந்தக் காரத்தைத் தின்றுவிட்டால், குழாய் நிறையக் குளுக்கோஸ் இருந்தாலும் நீலம் மாறாது.

அளவும் முக்கியம். 5 மி.லி. பெனடிக்ட் கரைசலுக்கு 8 துளி மாதிரி போதும். மாதிரியைத் தாராளமாக ஊற்றினால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிற வரிசையை வைத்துச் செறிவைக் கணிப்பது பொருளற்றுப் போகும். வைட்டமின் சி-யும் தாமிரத்தை ஒடுக்கும் என்பதை மறக்க வேண்டாம். நெல்லிக்காய்ச் சாறு நிறம் மாறினால் முழுப் பழியையும் சர்க்கரை மேல் போட முடியாது.

"ஃபிரக்டோஸ் ஒரு கீட்டோன், அதனால் ஒடுக்காது" என்பது இன்னொரு பொறி. காரக் கரைசலில் அது குளுக்கோஸாகவும் மேனோஸாகவும் உருமாறிக்கொள்வதால் பெனடிக்ட் சோதனையில் தேறிவிடுகிறது. புரோமின் நீரில் காரம் இல்லை, உருமாற்றமும் இல்லை. எனவே குளுக்கோஸ் அதன் நிறத்தை நீக்கும், ஃபிரக்டோஸ் நீக்காது. இரண்டையும் பிரித்தறிய இந்தச் சோதனைதான் கைகொடுக்கும்.

அயோடின் சோதனையைச் சூடான கஞ்சியில் செய்யாதீர்கள். ஸ்டார்ச்சின் நீள்சங்கிலிப் பகுதியான அமைலோஸின் சுருளுக்குள் அயோடின் புகுந்து உட்காருவதால்தான் நீலம் தோன்றுகிறது. சூட்டில் அந்தப் பிடி தளர்ந்து நிறம் மறையும், ஆறினால் திரும்பும். விலங்குகள் சேமித்து வைக்கும், கிளைகள் மிகுந்த கிளைக்கோஜனில் நீண்ட சுருளுக்கு இடமில்லாததால் செம்பழுப்புதான் வரும். அதைத் தோல்வி என்று எழுதிவிட வேண்டாம்.

பெயர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பத்திரிகைகள் எல்லாக் கார்போஹைட்ரேட்டையும் மாவுச்சத்து என்கின்றன. வேதியியலில் மாவுச்சத்து என்பது ஸ்டார்ச் மட்டுமே. பாலில் லாக்டோஸ் உண்டு, மாவுச்சத்து கிடையாது. "கார்பனின் ஹைட்ரேட்", அதாவது கார்பனோடு நீர் (ஒரு ஆக்சிஜனுக்கு 2 ஹைட்ரஜன்) என்ற பொருளும் பழங்கதைதான். அசிட்டிக் அமிலத்தில் 2 கார்பன், 4 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன்: கணக்கு அச்சாகப் பொருந்தும், ஆனால் அது கார்போஹைட்ரேட் அல்ல. டிஎன்ஏ-வில் உள்ள டிஆக்சிரைபோஸில் கணக்குப் பொருந்தாது, ஆனால் அது கார்போஹைட்ரேட். பல ஹைட்ராக்சில் குழுக்கள் கொண்ட ஆல்டிஹைடு அல்லது கீட்டோன், அல்லது நீராற்பகுப்பில் அவற்றைத் தருவது என்பதே சரியான வரையறை.

பெயருக்கு முன்னால் வரும் "டி" என்ற எழுத்து ஒளியை வலப்பக்கம் சுழற்றுவதைக் குறிப்பதில்லை. டி-ஃபிரக்டோஸ் இடப்பக்கம்தான் சுழற்றுகிறது. கார்பன் சங்கிலியை மேலிருந்து கீழாக வரையும் ஃபிஷர் படத்தில் கடைசிச் சீர்மையற்ற கார்பனின் (நான்கு வெவ்வேறு குழுக்கள் இணைந்த கார்பனின்) ஹைட்ராக்சில் வலப்பக்கம் இருந்தால் டி, அவ்வளவே.

ஃபிஷர் படத்தை வளையமாக மாற்றும்போது வலப்பக்கம் இருப்பது கீழே போகும், இடப்பக்கம் இருப்பது மேலே வரும். குளுக்கோஸின் 5-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சிலைத் தனியாக ஒட்டவைப்பதுதான் இங்கே அதிகம் காணும் பிழை. அந்த ஆக்சிஜன்தான் வளையத்தையே மூடியிருக்கிறது. வரைந்து முடித்ததும் ஆக்சிஜன்களை எண்ணுங்கள். 6-க்குப் பதில் 7 வந்தால் அழிப்பானை எடுங்கள். 6-ஆம் கார்பன் மேலே நிற்க, 1-ஆம் கார்பனின் ஹைட்ராக்சில் கீழே இருந்தால் ஆல்ஃபா, மேலே இருந்தால் பீட்டா.

இந்த மேல் கீழ் வேறுபாட்டை வெறும் படக் கணக்கு என்று ஒதுக்கினால் பாடத்தின் பாதி போய்விடும். சோற்றிலும் குளுக்கோஸ், பருத்தி நூலிலும் குளுக்கோஸ். ஸ்டார்ச்சில் ஆல்ஃபா 1,4 பிணைப்பு; சங்கிலி வளைந்து சுருள்கிறது, நம் அமைலேஸ் நொதி அதை வெட்டுகிறது. செல்லுலோஸில் பீட்டா 1,4 பிணைப்பு. ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்கு 180 பாகை புரண்டு நிற்பதால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகுகிறது. அதை வெட்ட நம்மிடம் நொதி இல்லை. மாடு தானே செரிக்கிறது என்று எழுதுவதும் பிழை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

மூலக்கூறு எடையைக் கணக்கிடும்போது, இழந்த நீரைக் கழியுங்கள். 10 குளுக்கோஸ் கொண்ட நேர்ச்சங்கிலியில் 9 பிணைப்புகள், அதாவது 9 நீர் மூலக்கூறுகள் வெளியேறியிருக்கும். குளுக்கோஸுக்கு 180 வீதம் 1800, நீருக்கு 18 வீதம் 162; 1800-இலிருந்து 162 போக 1638.

பணிகளைக் கேட்டால் "ஆற்றல் தரும்" என்ற ஒரே வரியோடு நிறுத்துவது பெருங்குறை. அந்த வரியிலும் ஒரு சிக்கல் உண்டு: தசையில் இருக்கும் கிளைக்கோஜன் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்கிறார்கள். தசையில் குளுக்கோஸை விடுவிக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் நொதி இல்லை. உடைத்ததைத் தசை தானே செலவழிக்கும். இரத்தத்துக்குக் குளுக்கோஸ் கொடுப்பது கல்லீரல். பூஞ்சையின் செல்சுவருக்கு கைட்டின், செல்லுலோஸ் அல்ல. ஒலி ஒத்த பெயர்களையும் குழப்ப வேண்டாம்: டாலியாக் கிழங்கின் இன்யூலின் ஃபிரக்டோஸ் சங்கிலி. இன்சுலின் புரத ஹார்மோன்.

செல்லுக்கு அடையாள அட்டை கொடுப்பதும் சர்க்கரைதான். சிவப்பணுவின் மேற்பரப்புச் சங்கிலி முனையில் என்-அசிட்டைல் கேலக்டோசமைன் ஒட்டினால் ஏ வகை, கேலக்டோஸ் ஒட்டினால் பி வகை, இரண்டும் இல்லாமல் ஹெச் என்ற அடிப்படை அமைப்போடு நின்றால் ஓ வகை. அந்த ஹெச் உருவாகவே ஃபியூகோஸ் என்ற சர்க்கரை வேண்டும். அது சேராதவர்களின் இரத்தம் 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்டதால் பம்பாய் வகை எனப்படுகிறது. வழக்கமான சோதனையில் இது ஓ போலவே தெரியும். ஆனால் ஓ இரத்தத்தில் ஹெச் இருப்பதால், இவர்களுக்கு அதைக்கூட ஏற்ற முடியாது.