பூரிக் கிழங்கு: புதிதாகச் சமைப்பவர்களுக்கு

மதுரை டிபன் கடைகளில் "கிழங்கு கொஞ்சம் கூட வைங்கண்ணே" என்றால் எந்தக் கிழங்கு என்று யாரும் கேட்பதில்லை. சேனை, மரவள்ளிக்குத்தான் முழுப்பெயர் வேண்டும். வெறும் கிழங்கு என்றால் உருளை. அது பிறந்த பெரு நாட்டு ஆண்டிஸ் மலைப்பக்கம் அதுவே சாப்பாடு. நமக்குச் சோறும் பூரியும் இருக்க, அது தொட்டுக்கொள்ள.

நான்கு பேருக்கு அரைக் கிலோ வாங்குங்கள். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கு கிடைக்கும். அது வறுவலுக்கு அருமை. மசிக்கிற வேலைக்குச் சாதாக் கிழங்கே போதும் என்பது என் கட்சி. தோல் பச்சையாக இருப்பதைத் தொடாதீர்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையானதில் சோலனைன் என்ற நச்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது.

முதலில் தோலோடு குக்கரில் நான்கு விசில். ஆறியதும் உரித்துக் கையால் உதிர்த்துவிடுங்கள். மிக்ஸி பக்கமே போகாதீர்கள், பசையாகிவிடும். அங்கங்கே கட்டி இருந்தால்தான் வாய்க்கு அகப்படும்.

சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. அப்புறம் நீளமாக நறுக்கிய மூன்று பெரிய வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் நான்கு, துருவிய இஞ்சி. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனால் போதும். சிவந்துவிட்டால் இனிப்புத் தட்டும், நிறமும் கெடும்.

மஞ்சள்தூள், உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கிழங்கைப் போட்டு ஐந்து நிமிடம். கடைசியாக ஒரு ஸ்பூன் கடலை மாவை அரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். ஊற்றியதும் பச்சை வாசனை தூக்கும்; அது அடங்கி, ஓரத்தில் 'பொளக் பொளக்' என்று குமிழி வெடிக்கும்வரை சிறு தீயில் இருக்கட்டும். கரண்டியிலிருந்து வழிகிற பதத்திலேயே இறக்கிவிடுங்கள், ஆறினால் தானாக இறுகும். மேலே கொத்தமல்லி.

தண்ணீராகிவிட்டதா? இன்னும் கொஞ்சம் கொதிக்க விடுங்கள். மாவைக் கூட்டினால் கிழங்கு போய் பஜ்ஜி மாவு ருசிதான் நிற்கும். மிஞ்சியதை மறுநாள் சுண்டவைத்துத் தோசைக்குள் வைக்கலாம்.