அஞ்சு பாக்கெட் பொடிக்கு ஒரே பார்சல் கட்டணம்: வூகாமர்ஸில் ஷிப்பிங்கைச் சேர்த்துப் போடுவது எப்படி?

சித்தியின் பொடிக் கடையை இணையத்தில் ஏற்றிக் கொடுத்த மூன்றாம் நாள் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. “சார், அஞ்சு பாக்கெட் பருப்புப் பொடி 600 ரூபா. அதுக்குக் கூரியர் 300 ரூபாயா? அஞ்சு பேர் தனித்தனியா கொண்டாந்து குடுப்பாங்களா?”

தப்பு என்னுடையதுதான். ஒரு பாக்கெட்டுக்கு 60 ரூபாய் என்று கணக்குப் போட்டு, அதை எண்ணிக்கையால் பெருக்கும்படி அமைத்துவிட்டேன். சித்தி கேட்டது ஒரே கேள்வி: “ஏன்டா, எல்லாம் ஒரே பெட்டியிலதானே போவுது?”

அதைச் சரிசெய்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் போட்டுக் கடை நடத்துகிறவர்களுக்கான விளக்கம் இது. காசு கொடுத்து வாங்கும் பிளக்இன் எதுவும் வேண்டாம், வூகாமர்ஸோடு வருகிற ஃபிளாட் ரேட்டே (கட்டணத்தை நாமே எண்ணாகவோ சூத்திரமாகவோ எழுதிவைக்கும் முறை) போதும். கடையில் 40 பொருள் இருந்தாலும் மொத்த வேலையும் ஒரு மணி நேரத்தில் முடியும். அதில் பாதி நேரம் கணினி முன்னால் இல்லை, தராசு முன்னால்.

படி 1: எடை போட்டு எழுதுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நான் முதலில் தாண்டினேன், 300 ரூபாய்ச் செய்தி வந்தது.

200 கிராம் பொடி, பவுச்சோடு 215 கிராம். சின்ன அட்டைப்பெட்டி 90 கிராம். பிளாஸ்டிக் கூரியர் கவர் 20 கிராம். கூரியர்கள் பெரும்பாலும் 500 கிராம் படிகளில்தான் விலை வைப்பார்கள். இரண்டு பாக்கெட்டை அட்டைப்பெட்டியில் போட்டால் 520 கிராம், அடுத்த படிக்குத் தாவிவிடும். அதையே கவரில் போட்டால் 450 கிராம், முதல் படியிலேயே நிற்கும். இருபது கிராமுக்காக நாற்பது ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. அதனால் ஒன்று, இரண்டு பாக்கெட் என்றால் கவர், மூன்றிலிருந்து பெட்டி.

கணக்குக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம்: முதல் 500 கிராமுக்கு 50 ரூபாய், அடுத்த ஒவ்வொரு 500 கிராமுக்கும் 40 ரூபாய். டேப், லேபிள், பெட்டி எல்லாம் சேர்த்து 15 ரூபாய். உங்கள் கூரியர் சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, சேராவிட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது உண்மையில் நமக்கு ஆகும் செலவு:

1 அல்லது 2 பாக்கெட்: 65 ரூபாய்
3 அல்லது 4 பாக்கெட்: 105 ரூபாய்
5 அல்லது 6 பாக்கெட்: 145 ரூபாய்
7 அல்லது 8 பாக்கெட்: 185 ரூபாய்

செலவு படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. ஃபிளாட் ரேட்டுக்குப் படிக்கட்டு தெரியாது, சாய்தளம்தான் தெரியும். ஆக, இந்தப் படிக்கட்டின் மேல் ஒட்டிப் படுக்கிற ஒரு சாய்தளம் வேண்டும். முதல் பாக்கெட்டுக்கு 60, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 20 என்று வைத்துப் பாருங்கள்: 60, 80, 100, 120, 140, 160, 180, 200. ஒற்றைப்படையில் நமக்கு 5 ரூபாய் நட்டம், இரட்டைப்படையில் 15 ரூபாய் கூடுதல். மாதக் கடைசியில் கையைக் கடிக்காது.

படி 2: ஷிப்பிங் கிளாஸ் உருவாக்குங்கள்

ஷிப்பிங் கிளாஸ் என்பது ஒரே மாதிரிக் கட்டணம் போட வேண்டிய பொருள்களுக்கு நாம் வைக்கும் வகைப் பெயர். வரிசை முக்கியம். ஒரு கிளாஸாவது இருந்தால்தான் ஃபிளாட் ரேட் பெட்டிக்குள் கிளாஸ் வாரியாக விலை போடும் கட்டங்கள் தெரியும். இது தெரியாமல் அந்தக் கட்டங்களைத் தேடி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

வூகாமர்ஸ், செட்டிங்ஸ், ஷிப்பிங், அதில் கிளாசஸ். அங்கே “பெரிய பெட்டி” என்று ஒரு கிளாஸ் சேர்த்துச் சேமியுங்கள்.

பொடிக்குக் கிளாஸ் வேண்டாமா? வேண்டாம். கடையில் முக்கால்வாசிப் பொருள் எதுவோ அதைக் கிளாஸ் இல்லாமலே விடுங்கள். விதிவிலக்கான பொருளுக்கு மட்டும் கிளாஸ் போட்டால் போதும். எங்கள் கடையில் அந்த விதிவிலக்கு பனையோலைப் பெட்டி. எடை 350 கிராம்தான். ஆனால் அதை வைத்து அனுப்பும் அட்டைப்பெட்டி 25 செ.மீ. நீளம், 20 அகலம், 15 உயரம். மூன்றையும் பெருக்கினால் 7500. பல கூரியர்கள் இதை 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். ஆக, இந்தப் பெட்டி 1.5 கிலோவுக்குச் சமம். 130 ரூபாயும் பேக்கிங் 15-ம் சேர்ந்தால் 145. வண்டியில் அடைக்கும் இடத்துக்கும் சேர்த்து வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

பொருளுக்குக் கிளாஸ் ஒட்ட: பொருளைத் திருத்தும் பக்கத்தில் புராடக்ட் டேட்டா, அதில் ஷிப்பிங், அதில் ஷிப்பிங் கிளாஸ். பத்து இருபது பொருள் இருந்தால் பொருள் பட்டியலில் எல்லாவற்றையும் டிக் செய்து, பல்க் ஆக்‌ஷன்ஸில் எடிட் கொடுத்தால் ஒரே தடவையில் மாற்றலாம்.

படி 3: ஜோன்

செட்டிங்ஸ், ஷிப்பிங், ஷிப்பிங் ஜோன்ஸ். ஜோன் என்றால் ஒரே கட்டணக் கணக்கு பொருந்தும் பகுதி. தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரு ஜோன். மற்ற மாநிலங்களுக்கு “இந்தியா” என்று இன்னொன்று. வூகாமர்ஸ் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும், முகவரிக்குப் பொருந்துகிற முதல் ஜோனோடு நின்றுவிடும். “இந்தியா” மேலே இருந்தால் மதுரைக்காரருக்கும் டெல்லி விலைதான். சின்ன ஜோன் மேலே, பெரியது கீழே, இழுத்து மாற்றிக்கொள்ளலாம். சென்னைக்கு மட்டும் தனி விலை என்றால் பின்கோடு கட்டத்தில் 600* என்று போட்டு ஒரு ஜோன் செய்து, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

படி 4: சூத்திரம்

ஜோனுக்குள் ஆட் ஷிப்பிங் மெத்தட், ஃபிளாட் ரேட். ஒரு பெட்டி திறக்கும்.

முதலில் டாக்ஸ் ஸ்டேட்டஸ். ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை என்றால் நன் என்று வையுங்கள். பதிவு இருந்தால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது காஸ்ட். இங்கே 0 போடுங்கள். இந்தக் கட்டத்தில் என்ன போட்டாலும் அது ஒவ்வொரு ஆர்டரிலும் கூடிக்கொண்டே இருக்கும், கிளாஸ் விலை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அதற்குக் கீழே கிளாஸ் கட்டங்கள் வரும். “நோ ஷிப்பிங் கிளாஸ் காஸ்ட்” என்பது கிளாஸ் இல்லாத நம் பொடிகளுக்கு. அதில்:

40 + 20 * [கியூடிஒய்]

சதுர அடைப்புக்குள் இருக்கும் கியூ, டி, ஒய் மூன்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். கூடையில் அந்த வகைப் பொருள் எத்தனை என்பதை வூகாமர்ஸ் அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறிதான், எக்ஸ் எழுத்து ஆகாது.

அது என்ன 40? முதல் பாக்கெட் 60, அடுத்தது 20 என்றுதானே பேச்சு? எண்ணிக்கையை 20-ஆல் பெருக்கும்போது முதல் பாக்கெட்டுக்கும் ஒரு 20 வந்துவிடுகிறது. அதனால் 60-இல் 20-ஐக் கழித்து மீதியை முன்னால் வைக்கிறோம். எந்தப் பொருளுக்கும் இதே வழி: முதல் விலையிலிருந்து கூடுதல் விலையைக் கழி, கிடைத்ததை முன்னால் போடு, கூடுதல் விலையை எண்ணிக்கையோடு பெருக்கு.

ஓலைப்பெட்டிக்கும் அப்படியே. ஒன்று 150. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டினால் உயரம் 30 செ.மீ., கணக்கில் 3 கிலோ, செலவு 265. ஆகவே ஒன்றுக்கு 150, அடுத்ததற்கு 120. “பெரிய பெட்டி” கட்டத்தில்:

30 + 120 * [கியூடிஒய்]

படி 5: பெர் கிளாஸா, பெர் ஆர்டரா?

அதே பெட்டியின் அடியில் கால்குலேஷன் டைப் என்று ஒன்று இருக்கும். சேர்த்து அனுப்பும் விஷயத்தில் மிச்சமும் நட்டமும் இங்கேதான் முடிவாகிறது.

பெர் கிளாஸ் என்றால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு எல்லாவற்றையும் கூட்டும். பெர் ஆர்டர் என்றால் எந்த வகைக்கு அதிகம் வருகிறதோ அதை மட்டும் வாங்கும்.

ஒருவர் நாலு பாக்கெட் பொடியும் ஒரு ஓலைப்பெட்டியும் வாங்குகிறார். பெர் கிளாஸ் போட்டால் 120-ம் 150-ம் சேர்ந்து 270. பெர் ஆர்டர் போட்டால் 150.

நிஜத்தில் என்ன நடக்கும்? சித்தி அந்த நாலு பாக்கெட்டையும் ஓலைப்பெட்டிக்குள்ளேயே அடுக்கிவிடுவார். பொடி 860 கிராம், ஓலைப்பெட்டி 350, வெளி அட்டைப்பெட்டி 150. மொத்தம் 1360 கிராம். அந்த அட்டைப்பெட்டிக்கு எப்படியும் 1.5 கிலோ பில்தான். பொடி நாலும் ஓசிப் பயணம். நமக்கு ஆகிற செலவு 145. இதற்குப் போய் 270 வாங்கினால், வாட்ஸ்அப்பில் அடுத்த செய்தியும் வரும், அதுவும் நியாயமாகவே வரும்.

பெர் ஆர்டரில் ஓட்டை இல்லாமல் இல்லை. பத்துப் பொடியும் ஓர் ஓலைப்பெட்டியும் வந்தால் பொடிக் கணக்கு 240. அதுதான் பெரியது, அதை மட்டுமே வாங்கும். எடை 2650 கிராம் ஆகிவிடும், செலவு 265. இருபத்தைந்து ரூபாய் போச்சு. பத்துப் பாக்கெட் வாங்குகிறவருக்கு அதை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஒன்றுக்குள் ஒன்று அடங்காத பொருள்கள் விற்கிறீர்கள் என்றால், உதாரணமாக மண்சட்டியும் கல்சட்டியும், பெர் கிளாஸையே வையுங்கள். அவை எப்படியும் இரண்டு பார்சல்.

ஜோனைச் சேமியுங்கள். “இந்தியா” ஜோனுக்குள்ளும் இதே வேலையை அந்த ஊர் விலையோடு ஒருமுறை செய்ய வேண்டும், தானாகப் போய் ஒட்டாது.

படி 6: நீங்களே வாங்கிப் பாருங்கள்

ஷிப்பிங் செட்டிங்ஸில் டிபக் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால், பழைய கட்டணத்தை நினைவில் வைத்துக் காட்டாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும். எந்த ஜோன் பொருந்தியது என்பதையும் சொல்லும். வேலை முடிந்ததும் அணைக்க மறக்காதீர்கள்.

இந்த நாலு கூடையைப் போட்டுப் பாருங்கள்: ஒரு பொடி (60), ஐந்து பொடி (140), ஒரு ஓலைப்பெட்டி (150), நாலு பொடியும் ஓர் ஓலைப்பெட்டியும் (150). கடைசிக் கூடை 270 காட்டினால் கால்குலேஷன் டைப் மாறவில்லை. எல்லாவற்றிலும் 40 ரூபாய் கூடினால் மேலே காஸ்ட் கட்டத்தில் எதையோ விட்டுவைத்திருக்கிறீர்கள்.

இலவச டெலிவரி போடலாமா?

அதே ஜோனில் ஃப்ரீ ஷிப்பிங்கைச் சேர்த்து, குறைந்தபட்ச ஆர்டர் தொகை கேட்கும்படி வைக்கலாம். எல்லாக் கடையிலும் 999 என்று பார்த்து நாமும் 999 போட ஆசை வரும். 120 ரூபாய்ப் பாக்கெட் ஒன்பது வாங்கினால் 1080. எடை 2025 கிராம், இரண்டு கிலோவைத் தாண்டி இருபத்தைந்தே கிராம்! செலவு 225. விற்ற தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே கூரியருக்கே போகிறது. சித்தியிடம் கணக்கைக் காட்டினேன். “உளுந்து விக்கிற விலைக்கு இதெல்லாம் ஆவாது” என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஆள், இரண்டு ஆர்டர்

இதற்குச் செட்டிங் கிடையாது. ராத்திரி ஒன்பதுக்கு இட்லிப் பொடி வாங்கியவர், ஒன்பதரைக்கு எள்ளுப் பொடி ஞாபகம் வந்து மறுபடி வாங்குவார். வூகாமர்ஸுக்கு அவை இரண்டும் தனித்தனி ஆர்டர். இரண்டு தடவையும் 60 வாங்கியிருக்கும்.

பணம் இன்னும் வராமல் பெண்டிங் பேமென்ட் அல்லது ஆன் ஹோல்ட் நிலையில் இருந்தால் ஆர்டரைத் திருத்தலாம்: முதல் ஆர்டரில் எள்ளுப் பொடியைச் சேர்த்து, ஷிப்பிங்கை 80 ஆக்கி, இரண்டாவதை ரத்து செய்துவிடுங்கள். பணம் வந்து பிராசசிங் நிலைக்குப் போய்விட்டால் திருத்த விடாது. அப்போது இரண்டாவது ஆர்டரைத் திறந்து ரீஃபண்ட் அழுத்தி, ஷிப்பிங் வரியில் மட்டும் 40 போட்டுத் திருப்பி அனுப்புங்கள். கட்டிய 120-இல் 40 போனால் 80, இரண்டு பாக்கெட்டுக்கு உரிய கட்டணம்.

பார்சல் கட்டுவதற்கு முன்னால் அன்றைய ஆர்டர்களைப் போன் நம்பர் வாரியாக ஒரு பார்வை பார்த்தால் இந்த இரட்டைகள் கண்ணில் பட்டுவிடும். சித்தி இப்போது காலை பத்து மணிக்கு, பெட்டியை எடுப்பதற்கு முன் முதலில் அதைத்தான் பார்க்கிறார்.